‘பட்டால்தான் புரியும்’ என்று செய்தோம். மகன் பேசாமல் இருக்கிறான்

கேள்வி: எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகனுக்கு 11 வயது, 6-ஆம் வகுப்பு படிக்கிறான். அவனோடு படிக்கும் ஒரு பையனுக்குத் திக்குவாய். தமிழ்ப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கும்போது அந்தப் பையன் திணறுவதை என் மகன் இடைவேளையில் அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறான். ஒரு பட்டப்பெயரும் வைத்துவிட்டான். வகுப்பே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அந்தப் பையன் ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. ஆசிரியை என்னைக் கூப்பிட்டு விவரம் சொன்னபோது எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

என் கணவர் பிள்ளைகளை அடிக்கிறவர் அல்லர். “தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இவனுக்கும் பட்டால்தான் புரியும்” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் எதைச் சொன்னாலும் வீட்டில் எல்லோரும் அதைத் திக்கித் திக்கித் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நான், என் மாமியார், 7 வயது மகள், எல்லோரும் செய்தோம். காலையில் சிரித்தான். மத்தியானம் அழுதான். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான். “பாடம் படித்துவிட்டான்” என்கிறார் கணவர். மூன்று வாரம் ஆகிறது. அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மொட்டை மாடியில் தங்கையின் கையைக் கிள்ளி, “நீயும் சிரிச்சேல்ல” என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அந்தப் பையனைப் பற்றிப் பேச்செடுத்தால், “எல்லாம் அவனாலதான்” என்கிறான். பாட்டிக்குக் கால் வலித்தால் யாரும் சொல்லாமலே தைலம் தேய்த்துவிடுகிற பிள்ளை இவன். இவனுக்குள் இரக்கமே இல்லையா, அல்லது நாங்கள்தான் கெடுத்துவிட்டோமா என்று எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. வகுப்பிலும் இதேபோல் ஒருநாள் செய்யச் சொல்லலாமா என்று கணவர் கேட்கிறார். மனுநீதிச் சோழன் ஆண்ட சீமையில் இருந்துகொண்டு பிள்ளைக்கு நியாயம் சொல்லித்தரக் கூடாதா என்கிறார். நான் என்ன செய்யட்டும், டாக்டர்?

– திருமதி ஆர்.வி., மன்னார்குடி

பதில்: அம்மா, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகன் இரக்கமற்ற பிள்ளை இல்லை. கடிதத்தின் கடைசியில், கணக்கில் சேராத ஒன்றைப்போல, பாட்டிக்குத் தைலம் தேய்ப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும். பாட்டியின் வலி அவனுக்குத் தெரிகிறது, கேட்காமலே தெரிகிறது. வகுப்புத் தோழனின் வலி தெரியவில்லை. ஆக, இல்லாத ஒன்றை நாம் அவனுக்குள் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. பாட்டி வரைக்கும் வந்து நின்றுவிட்டதை இன்னும் கொஞ்சம் தூரம் நடத்திக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நண்பர்கள் சிரிப்பதற்காக ஒருவனைப் போல நடித்துக் காட்டுவது இந்த வயதுப் பையன்கள் செய்கிற தவறு. தவறு பெரியதுதான், ஒரு குழந்தை ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. ஆனாலும் அது நோயின் அறிகுறி ஆகாது. நீங்கள் கெடுத்துவிட்டீர்களா என்ற கேள்விக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எந்தப் பிள்ளையையும் கெடுத்துவிடாது. பதினொரு வருடம் சோறூட்டி, கதை சொல்லி, காய்ச்சலுக்குக் கண்விழித்து வளர்த்தது அதைவிட எத்தனையோ மடங்கு கனமானது.

வகுப்பில் செய்யச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். அதைச் சட்டமும் அனுமதிக்காது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடைசெய்திருக்கிறது. ஆசிரியை செய்ய மறுத்தால் அவர்மீது வருத்தப்பட வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையை ஓங்காமல், யோசித்து ஒரு வழி தேடியிருக்கிறார். அவர் யோசித்த வழி உலகத்தில் பல பேர் யோசித்ததுதான். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் பெயின்ஸ்வில் என்று ஓர் ஊர். அங்கே நீதிபதியாக இருந்த மைக்கேல் சிக்கனெட்டி என்பவர் இப்படிப்பட்ட தீர்ப்புகளுக்காகவே பேர்போனவர். 2005-இல், 35 பூனைக்குட்டிகளைப் பூங்காக்களில் விட்டுவிட்டுப் போன ஒரு பெண்ணை நவம்பர் மாதக் குளிரில் ஓர் இரவு காட்டில் தனியாக இருக்கச் சொன்னார். டாக்சிக்குப் பணம் கொடுக்காமல் போன இன்னொரு பெண், வண்டி ஓடிய 30 மைல் தூரத்தையும் நடந்தே தீர்க்க வேண்டியிருந்தது. முகத்தில் மிளகுத்தூள் திரவம் தெளித்த ஒருத்திக்கு அதே திரவம் அவள் முகத்தில் தெளிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. தெளித்தபோது குப்பியில் இருந்தது வெறும் உப்புநீர். இதையெல்லாம் கேட்டால் நமக்குள் ஒரு நிறைவு வரும். ‘இப்போது தெரிந்திருக்கும்’ என்று சொல்லிக்கொள்வோம். எனக்கும் வரும். ஆனால் அந்தப் பெண்கள் வயதுவந்தவர்கள். சிறைக்குப் போவதா, இதைச் செய்வதா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் அவர்களுக்கு இருந்தது. உங்கள் மகனுக்கு அன்று எந்த வாய்ப்பும் இல்லை. தண்டனை கொடுத்தவர்களும் யாரோ நீதிபதி அல்லர். அவன் ஓடிப்போய் ஒண்டிக்கொள்ள வேண்டிய நான்கு பேர்.

கணவர் சொன்ன பழமொழியில் பாதி சரி. தலைவலி தனக்கு வந்தால் தலைவலி என்றால் என்னவென்று தெரியும். தன் தலைவலி தெரியும். அடுத்தவன் தலையைப் பிடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து தானாக வந்துவிடுமா? வராது என்பதற்கு நம் கண்ணெதிரே சாட்சி உண்டு. கல்லூரி விடுதிகளில் ராகிங் செய்த சீனியர்கள் யார்? முந்தைய வருடம் அதே விடுதியில், அதே வராந்தாவில் முட்டி போட்டவர்கள்தான். பட்டால் புரியும் என்பது முழு உண்மையாக இருந்தால் ராகிங் ஒரே வருடத்தில் தானாக ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. ஓர் உயிர் போன பிறகு 1997-இல் தமிழ்நாட்டில் அதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டிவந்தது. பட்டவர்களில் சிலர், ‘நான் பட்டது போதும், இனி யாரும் படக்கூடாது’ என்றார்கள். வேறு சிலர், ‘நான் பட்டேன், நீயும் படு’ என்றார்கள். வலி எல்லோருக்கும் ஒன்றுதான். அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதை வலி தீர்மானிப்பதில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஏழாவது படிக்கும்போது, வகுப்பில் ஒரு பையனுடைய செருப்பை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். சித்திரை மாத வெயில். அவன் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனான். மறுநாள் விஷயம் தெரிந்ததும் வாத்தியார் என் செருப்பைக் கழற்றச் சொல்லி, உச்சி வெயிலில் மைதானத்தைச் சுற்றி நடக்கவைத்தார். அந்த மைதானத்தின் சூடு இன்றும் என் பாதத்தில் இருக்கிறது. வாத்தியார் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முகம் நினைவிருக்கிறது. மூன்றாவது சுற்றில், ‘எனக்கு ஆக வேண்டியது ஆகிவிட்டது, கணக்குத் தீர்ந்தது’ என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. நினைவில் இல்லாதது அந்தப் பையன்தான். அவன் வீடு எந்தத் தெரு, எவ்வளவு தூரம் நடந்தான், காலில் கொப்புளம் வந்ததா, வீட்டில் என்ன சொன்னார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவுமில்லை. அடுத்த வருடம் அவன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

உங்கள் மகனுக்கு நடந்திருப்பதும் இதுதான். “எல்லாம் அவனாலதான்” என்கிறானே, அந்தச் சொல்லைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்தத் தோழன் அவனுக்கு வேடிக்கைப் பொருளாக இருந்தான். இப்போது தன்னை அழவைத்தவன் ஆகிவிட்டான். நெருங்கி வந்திருக்க வேண்டியவன் தூரம் போய்விட்டான். வேதனையில் இருக்கும் மனம் தன்னைத்தான் பார்க்கும், அம்மா. கால் சுட்டுக்கொண்டிருப்பவனுக்கு அடுத்தவன் கால் தெரியாது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். திக்கிப் பேசுவதை உங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தண்டனையாகப் பயன்படுத்தினீர்கள். ஒரு குழந்தை ஒவ்வொரு நாளும் பேசுகிற பேச்சு, இங்கே சாட்டையாக ஆனது. அது கேவலமானது, அதைச் செய்தால் எவனும் அழுவான் என்ற எண்ணம் உங்கள் பிள்ளைகள் இருவர் மனதிலும் முன்பைவிட இப்போது ஆழமாகப் போயிருக்கும். அந்தப் பையன் நேரில் இருந்து அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

மனுநீதிச் சோழனை எடுத்துச் சொல்கிறாரே உங்கள் கணவர், அந்தக் கதையையே பார்ப்போம். அரசனின் மகன் ஓட்டிய தேர்க்காலில் சிக்கிக் கன்று போனது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் என்ன செய்தான்? அந்தப் பசு என்ன துக்கத்தில் நிற்கிறதோ அந்தத் துக்கத்தைத் தானும் அடைய வேண்டும் என்று, மகனையே தேர்க்காலில் இட முடிவெடுத்தான். அவன் மகனுக்குப் பாடம் கற்பிக்கவில்லை. தேர்க்காலில் கிடப்பவன் எதைக் கற்றுக்கொள்ள முடியும்? பசுவின் நோவைத் தன் நெஞ்சில் ஏற்றுக்கொண்டவன் அரசன். பெரியபுராணத்தில் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இப்படித்தான் தோன்றும். தவறு செய்த பிள்ளையின் தகப்பன், பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில் போய் நின்றார். உங்கள் கணவர் பின்பற்ற வேண்டியது அதைத்தான். அந்தப் பையனின் வீட்டுத் துக்கத்தை இவர் உணர்ந்திருக்கிறார், அதனால்தான் இவ்வளவு கோபம் வந்தது. அந்தத் துக்கத்தை மகனுக்குச் சொல்லாமல், கோபத்தை மட்டும் கொடுத்துவிட்டார்.

‘அப்படியானால் ஒருவரை அடுத்தவர் இடத்தில் நிறுத்திப் பார்ப்பதால் பயனே இல்லையா?’ என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. பயன் உண்டு, நிபந்தனைகளோடு. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். எல்லோரும் வெள்ளைக்காரக் குழந்தைகள். ஒரு நிறத்துக் கண்ணுடையவர்கள் உயர்ந்தவர்கள் என்றார். சில மணி நேரத்திலேயே அவர்கள் மற்றவர்களை ஏளனம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு நிலையை மாற்றினார். முதலில் தாழ்த்தப்பட்டவர்கள் மேலே வந்தபோது அவர்களும் ஏளனம் செய்தார்கள், ஆனால் அந்த அளவுக்கு இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அனுபவம் கொஞ்சம் வேலை செய்தது என்பது உண்மை. ஆனால் அங்கே யாருக்கும் தண்டனை இல்லை. யாரும் தனியாக நிறுத்தப்படவில்லை, எல்லோரும் இரண்டு பக்கமும் நின்றார்கள். முடிவில் ஆசிரியை அவர்களோடு உட்கார்ந்து பேசினார், எழுதவைத்தார். அப்படியும்கூட, சின்னக் குழந்தைகளை இப்படி நடத்தலாமா என்று அவரைக் கண்டித்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு முயற்சி ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் நடந்தது. 2018-இல் முடிவுகள் வெளிவந்தன. பெண்களைத் தாக்கிய குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற 20 ஆண்களை மெய்நிகர் காட்சிக்குள் (கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு வேறோர் இடத்தில், வேறோர் உடலில் இருப்பதுபோல் உணரும் நுட்பம்) ஒரு பெண்ணின் உடலில் இருக்கவைத்தார்கள். எதிரே ஓர் ஆண் வந்து கத்துகிறான், ஏசுகிறான், நெருங்கி வந்து நிற்கிறான். இதில் என் மனத்தைத் தொட்டது, அதற்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்த ஒன்று. பெண்ணின் முகத்தில் பயம் இருப்பதை அடையாளம் காண்பதில் அந்த ஆண்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். பயந்த முகத்தைப் பார்த்துச் சந்தோஷமான முகம் என்று சொல்லும் போக்கும் அவர்களிடம் இருந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு பயத்தைப் பயம் என்று கண்டுகொள்வதில் முன்னேற்றம் தெரிந்தது. அந்த மாற்றம் உடனே அளக்கப்பட்டது. வருடக்கணக்கில் நிற்குமா என்பதற்கு அது பதில் ஆகாது. ஆனாலும் கவனியுங்கள், அவர்கள் கற்றுக்கொண்டது அடி வாங்குவதை அல்ல. ஒரு முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

உங்கள் மகன் அந்தப் பையனின் முகத்தைப் படிக்கவில்லை. வகுப்பு சிரித்தபோது அந்தப் பையனும் ஒருவேளை அசட்டுச் சிரிப்புச் சிரித்திருப்பான். கேலிக்கு ஆளாகும் பிள்ளைகள் பலர் அப்படித்தான் சமாளிப்பார்கள். ‘அவனும்தான் சிரிச்சான்’ என்று உங்கள் மகன் சொன்னால் பொய் சொல்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன்.

முதல் வேலை உங்கள் கணவருடையது. அவர் மகனிடம், “நான் அன்னைக்குச் செஞ்சது சரியில்ல. உனக்குப் புரியவைக்கணும்னு நினைச்சேன், உன்னை நோகடிச்சிட்டேன்” என்று சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் போதாது. சொல்லும்போது, “ஆனா நீ செஞ்சது...” என்று அதே மூச்சில் தொடர வேண்டாம். அது இன்னொரு நாளைக்கு. அப்பா பிள்ளையிடம் தவறை ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று பல தகப்பனார்கள் என்னிடம் தயங்குகிறார்கள். தவறு செய்த ஒருவர் அதை எப்படி ஒப்புக்கொள்வது என்பதை அந்தப் பிள்ளை வேறு யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்? அடுத்த மாதம் அவன் தன் தோழனிடம் இதே வேலையைத்தானே செய்யப் போகிறான்? நீங்கள் செய்ய வேண்டியது, மகன் முன்னால் கணவரை விட்டுக்கொடுக்காமல் இருப்பது.

இரண்டு மூன்று நாள் கழித்து, அவன் முகம் தெளிந்த பிறகு, பேச்செடுங்கள். எதிரே உட்காரவைத்து விசாரிப்பதுபோல் வேண்டாம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதோ, மொச்சை உரித்துக்கொண்டிருக்கும்போதோ பேசினால் பையன்களுக்கு வாய் திறக்கும். ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. “உனக்கு இப்படி நடந்தா எப்படி இருக்கும்?” என்று கேட்காதீர்கள். “அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. 1997-இல் டேனியல் பாட்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அடுத்தவர் என்ன உணர்கிறார் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு அவர்மீது பரிவு வந்தது. அவர் இடத்தில் தான் இருந்தால் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குப் பரிவு வந்தது, கூடவே தங்கள் மனத்திலும் கலக்கம் ஏறிக்கொண்டது. ஏற்கெனவே புண்பட்டிருக்கும் உங்கள் மகனுக்கு முதல் கேள்வி மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் கிளறும்.

அவனுக்குத் திக்குவாய் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். சொல்லிக்கொடுங்கள். சிறு குழந்தைகளில் 100-க்கு 5 பேர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு நீடிக்கும். பையன்களுக்கு அதிகம், குடும்ப வழியிலும் வரும். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சொல்ல வேண்டிய சொல் அவனுக்கு நன்றாகத் தெரியும், வாய்க்கு வர மறுக்கும். பாடும்போது பெரும்பாலும் திக்காது. வேறு சொல் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், தன் பெயரைச் சொல்லும்போது அது முடியாது. பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாதே. அதனால் பலருக்கு மிகக் கடினமான சொல் அவர்களுடைய பெயர்தான். பாடம் வாசிக்கும் முறை வரும் நாளில் அந்தப் பிள்ளை காலையில் எழும்போதே தனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிக்கொண்டு எழுவான். கேலி செய்தால் திக்கல் கூடும். இதையெல்லாம் கதைபோலச் சொல்லுங்கள். ‘அவனுக்குத் தன் பேரே கஷ்டமா இருக்கும், நாம வேற அவனுக்கு ஒரு பேரு வெச்சோம்’ என்பது உங்கள் மகனுக்குத் தானே எட்டட்டும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அமைதியாக, உபதேசம்போலச் சொன்னால் காதில் ஏறாது. உங்களுக்கு அந்தப் பையனை நினைத்து வருத்தமாக இருந்தால் வருத்தம் குரலில் தெரியட்டும். மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியலாளர் 1960-களிலிருந்து இதைப் பற்றி எழுதினார். அதிகாரத்தால் அடக்குவதும், ‘உன்னோடு பேசமாட்டேன்’ என்று அன்பை நிறுத்திக்கொள்வதும் ஒத்துணர்வை (பிறர் படும் வேதனையைத் தன் மனத்தில் உணர்வதை) வளர்ப்பதில்லை, செய்த செயல் அடுத்தவரை என்ன செய்தது என்று எடுத்துக்காட்டுவதுதான் வளர்க்கிறது என்றார். 1979-இல் கரோலின் ஸான்-வாக்ஸ்லர் குழுவினர் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளின் தாய்மாரிடம் நடத்திய ஆய்வும் அதையே காட்டியது. உணர்ச்சி கலந்து எடுத்துச் சொன்ன தாய்மாரின் குழந்தைகள், தாங்கள் அழவைத்த குழந்தையிடம் போய்ச் சமாதானம் செய்வது அதிகமாக இருந்தது. தடவிக்கொடுத்தார்கள், பொம்மையை நீட்டினார்கள்.

அடுத்தது பரிகாரம். இங்கே அவசரம் வேண்டாம். வகுப்பு நடுவில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னால், அந்தப் பையன்மீது மறுபடியும் நாற்பது ஜோடிக் கண்கள் விழும். அவனுக்கு அது இன்னொரு தண்டனை. ஆசிரியை மூலம் அவன் பெற்றோரிடம் கேளுங்கள். பிள்ளை சம்மதித்தால் மட்டும், நீங்களோ கணவரோ மகனோடு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் எல்மிரா என்ற ஊரில் 1974-இல் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் பொருள்களை உடைத்து நாசம் செய்தார்கள். அவர்களை மேற்பார்த்த அதிகாரி ஒருவர், பாதிக்கப்பட்ட வீடுகளுக்கே அவர்களை அழைத்துப்போகலாம் என்றார், நீதிபதி ஒப்புக்கொண்டார். கதவைத் தட்டி, ‘நாங்கள்தான் செய்தோம்’ என்று சொல்லி, என்ன சேதம் என்று கேட்டு, பிறகு பணத்தையும் கட்டினார்கள். இன்று சீரமைப்பு நீதி (தண்டிப்பதைவிட, உடைந்ததைச் சரிசெய்வதை முதன்மையாகக் கொள்ளும் முறை) என்று உலகம் பேசுவது பெருமளவு அந்தக் கதவுகளிலிருந்து வந்தது. நியூசிலாந்து 1989-இல் மாவோரி மக்களின் வழக்கத்தைத் தழுவி, சிறார் குற்றங்களில் இரு குடும்பமும் கூடி உட்காரும் முறையைச் சட்டமாகவே ஆக்கியது. இவற்றில் தவறு செய்தவர் அனுபவிப்பது தன் செயலை அல்ல, தன் செயல் போய் விழுந்த இடத்தை.

அந்தப் பையன் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லிவிடலாம். அது அவன் உரிமை. அப்போதும் உங்கள் மகன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பட்டப்பெயர் வைத்தவன் இவன். யாராவது அதைச் சொல்லும்போது, “டேய், அப்படிக் கூப்பிடாதே” என்று முதலில் சொல்ல வேண்டியவனும் இவன்தான். பத்து மன்னிப்பைவிட அது கடினம், நண்பர்கள் இவனையே திருப்பிக் கேலி செய்யலாம். அன்று வீட்டுக்கு வந்தால் அவனுக்குப் பிடித்ததைச் செய்துகொடுங்கள், காரணம் சொல்ல வேண்டாம்.

பேசும்போதெல்லாம் ‘நீ செய்தது கெட்ட காரியம்’ என்பதோடு நிறுத்துங்கள். ‘நீ கெட்டவன்’ என்பதுவரை போகாதீர்கள். முன்னது குற்ற உணர்வு, அது சரிசெய்யத் தூண்டும். பின்னது அவமானம். அவமானப்பட்ட பிள்ளை ஒளிந்துகொள்ளும், அல்லது தன்னைவிடச் சின்னவர்களைக் கிள்ளும். மொட்டை மாடியில் நீங்கள் கேட்டது அதைத்தான்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். வீடு, பள்ளி, தெரு என்று எல்லா இடத்திலும் மாதக்கணக்கில் மற்றவர்களைத் துன்புறுத்துவது, பிராணிகளை வேண்டுமென்றே வதைப்பது, தீ வைப்பது, திருடுவது, எதற்கும் துளி வருத்தம் இல்லாமல் இருப்பது என்றால் நடத்தைக் கோளாறா (வயதுக்கு மீறிய, விடாது தொடரும் வன்செயல் போக்கு) என்று பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. மாறாக, சாப்பாடு குறைந்துகொண்டே போனாலோ, தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, ‘நான் இருந்து என்ன’ என்பதுபோல ஒரு வார்த்தை வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

கடைசியாக, உங்கள் மகள். இந்தக் கடிதத்தில் எல்லோரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், அவளைப் பற்றிக் கேட்கவில்லை. 7 வயதுக் குழந்தையைப் பெரியவர்கள் ஓர் ஆயுதமாக ஆக்கினோம். காலையில் அவளுக்கு அது விளையாட்டாக இருந்திருக்கும். மத்தியானம் அண்ணன் அழுதபோதும் நிறுத்தலாமா, தொடரலாமா என்று தெரியாமல் உங்கள் முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்திருப்பாள். இன்று இரவு படுக்கும்போது அவளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, “அன்னைக்கு அண்ணன் அழுதப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.